கறுப்புத் தேனீயும் மஞ்சள் தேனீயும்: அளந்து பார்த்துப் பட்ட பாடு

"கறுப்பாக ஒரு தேனீயைப் பார்த்தேன், இது செய்தியில் வந்த அந்தப் புதிய இனம்தானே?" என்று கேட்டுக் கைப்பேசியில் எடுத்த படத்தை அனுப்புகிறவர்கள் இப்போது அதிகம். பெரும்பாலும் விலங்கியலோ பூச்சியியலோ படிக்கும் மாணவர்கள். சிலர் பெட்டி வைத்துத் தேன் எடுப்பவர்கள். ஒரு வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வியாக அது இல்லை. அதன் பின்னால் போய் நான் ஒன்றரை வருடத்துக்கு மேல் இழந்திருக்கிறேன். கௌரவ விரிவுரையாளர் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசில் ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் போயிற்று. எங்கே எது தடம் புரளும் என்று முன்பே ஒருவர் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அதில் பாதியாவது மிஞ்சியிருக்கும். எங்கள் கல்லூரியில் தேனீ தெரிந்தவர் ஒருவரும் இல்லை. என் நெறியாளர் மீன் ஆராய்ச்சி செய்தவர். ஆகவே எனக்குக் கிடைக்காததை அடுத்து வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் பிரச்சினை என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் மலைத்தேனீயையும் கொம்புத்தேனீயையும் கொசுத்தேனீயையும் பிரித்தறிய ஆராய்ச்சி தேவையில்லை. பாறையிலும் உயரமான மரத்திலும் ஒற்றை அடையாகப் பெரிதாகத் தொங்கினால் மலைத்தேனீ. புதரில் சிறு கொம்பைச் சுற்றி உள்ளங்கை அளவு அடை கட்டினால் கொம்புத்தேனீ. சுவர் ஓட்டையில் பிசின் குழாய் நீட்டினால் கொசுத்தேனீ. சிக்கல் இருப்பது பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை கட்டும் அடுக்குத் தேனீயில்தான். சமவெளியில் அது சிறியதாக, மஞ்சளாக இருக்கும். மலையில் பெரியதாக, கறுப்பாக இருக்கும். இது தேன் எடுக்கும் எல்லாருக்கும் தலைமுறைகளாகத் தெரிந்த விஷயம். ஆனால் அவை ஒரே இனத்தின் இரண்டு சாயல்களா, இரண்டு இனங்களா என்பதில்தான் வழக்கு. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபேப்ரிசியஸ் 1793இல் ஏபிஸ் செரானா என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தார். 1798இல் ஏபிஸ் இண்டிகா என்று இன்னொன்றுக்கு வைத்தார். பின்னால் வந்தவர்கள் இண்டிகாவைச் செரானாவுக்குள் ஒரு துணையினமாக அடக்கிவிட்டார்கள். 2006இல் வந்த ஓர் ஆய்வு, தென்னிந்தியாவின் கறுப்பு, மஞ்சள் வகைகள் ஒன்றோடொன்று கலக்காமல் இருப்பதற்கான சான்றுகளை முன்வைத்தது. 2010இல் மரபணு மரம் வரைந்து பார்த்த இன்னொரு குழு, சமவெளித் தேனீயை ஏபிஸ் இண்டிகா என்று தனி இனமாகவே கொள்ளலாம் என்றது. 2022இல் கேரளத்து ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் கறுப்புத் தேனீயை ஏபிஸ் கரிஞொடியன் என்று புதிய இனமாக விவரித்தார்கள். கோவா, கர்நாடகம், கேரளம், தமிழ்நாட்டின் சில பகுதிகள் அதன் வாழிடம் என்றார்கள். முன்சிறகின் நரம்புகளை அளந்து பெறும் ரேடியோ மீடியல் குறியீடு என்ற விகிதம் அவர்கள் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவிலிருந்து ஒரு புதிய தேனீ என்று நாளிதழ்களில் செய்தி வந்தது. நான் ஆய்வுக்குப் பதிவு செய்திருந்த சமயம் அது.

என் திட்டம் எளிமையானதாகத் தோன்றியது. பழனி மலை அடிவாரத்தில் வத்தலக்குண்டு ஏறக்குறைய முந்நூறு மீட்டர் உயரம். அங்கிருந்து ஏறினால் காபித் தோட்டங்களுக்கு நடுவே ஆயிரத்து முந்நூறு மீட்டரை ஒட்டித் தாண்டிக்குடி. அதற்கும் மேலே இரண்டாயிரத்தைத் தாண்டிக் கொடைக்கானல். ஒரே மலையில் மூன்று உயரங்களில் அடுக்குத் தேனீக்களைச் சேகரித்து, உடலை அளந்து, நிறத்தைக் குறித்து, மஞ்சள் எங்கே முடிகிறது, கறுப்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட வேண்டும். காகிதத்தில் அழகாகவே இருந்தது. நெறியாளரும் உடனே கையெழுத்திட்டார்.

மாதிரி எடுக்கப் போகுமுன்பே ஒரு சிக்கல் காத்திருக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. மலையில் இருக்கும் அடுக்குத் தேனீ எல்லாம் அந்த மலையிலேயே வழிவழியாக வந்தவை அல்ல. குமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து தேன்பெட்டிகள் லாரியில் தமிழ்நாடு முழுவதும் போகின்றன. தென்னந்தோப்புக்காரர் வாங்குகிறார், காபித் தோட்டக்காரர் வாங்குகிறார், பயிற்சி முடித்த மகளிர் குழு வாங்குகிறது. 1991, 92இல் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் குமரியின் பெட்டிகளைக் காலிசெய்த பிறகு, தப்பியவற்றையும் காட்டிலிருந்து பிடித்தவற்றையும் வைத்துத்தான் தொழில் மீண்டது. ஆக அந்தப் பெட்டிக்குள்ளேயே பல ஊர்க் கலப்பு இருக்க வாய்ப்புண்டு. அடுக்குத் தேனீ சற்று மனம் கோணினாலும் பெட்டியை விட்டு ஓடிவிடும் குணம் கொண்டது. தாண்டிக்குடியில் ஒரு பலாமரப் பொந்தில் நான் கண்ட "காட்டுக் கூட்டம்" இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்துத் தோட்டத்துப் பெட்டியிலிருந்து ஓடியதாகவும் இருக்கலாம். எனவே பொந்தைக் கண்டதும் முதலில் வலையை எடுக்காதீர்கள், விசாரியுங்கள். ஒரு கிலோமீட்டர் இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் யார் பெட்டி வைத்திருக்கிறார்கள், எங்கே வாங்கினார்கள், எந்த வருடம் என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பு இல்லாத மாதிரி, எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இன எல்லை பற்றி ஒன்றும் சொல்லாது. வனப் பகுதிக்குள் பூச்சி சேகரிக்க வனத்துறை அனுமதி வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்று கணக்கிட்டு, காபி பூக்கும் பருவத்துக்கு வெகு முன்பே விண்ணப்பியுங்கள். பருவம் ஒன்று தவறினால் ஒரு வருடம் தவறியது.

அடுத்தது நிறம். என்னை மிக அதிகமாகக் குழப்பியது இதுதான், பெரும்பாலானோர் முதலில் நம்புவதும் இதைத்தான். தாண்டிக்குடியில் காபித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் தம் பெட்டிகளைத் திறந்து பார்க்க அனுமதித்தார். மார்கழிக் குளிரில் போனபோது ஒரு பெட்டியில் பணித்தேனீக்கள் வயிற்றின் முதல் இரண்டு தகடுகள் வரை கறுத்து, ஓரத்தில் மட்டும் பழுப்புக் கீற்றோடு இருந்தன. அது மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வாங்கிய மஞ்சள் பூச்சி என்று அவர் சொன்னார். என்னால் நம்ப முடியவில்லை. "மார்கழியில் பொரித்த பூச்சி கறுத்துத்தான் இருக்கும் தம்பி. சித்திரையில் வந்து பாருங்கள்" என்றார். கோடையில் போனேன். அதே பெட்டி, அதே ராணி. ராணியின் முதுகில் அவர் இட்ட வெள்ளைப் பொட்டு அப்படியே இருந்தது. சட்டத்தைத் தூக்கிச் சூரியனுக்கு எதிரே பிடித்தார். அடை முழுக்கப் பரவியிருந்த பணித்தேனீக்களின் வயிற்றில் தேன் நிற மஞ்சள் மூன்றாம் தகடு வரை இறங்கியிருந்தது. கூட்டுப்புழு குளிர்ந்த அடையில் வளர்ந்தால் உடலில் கருமை கூடும், வெதுவெதுப்பான அடையில் வளர்ந்தால் மஞ்சள் கூடும். தேனீக்களில் இது ஆய்வகத்திலும் காட்டப்பட்ட உண்மை. புத்தகத்தில் ஒரு வரியாக வாசித்திருந்தேன். ஒரே ராணியின் பிள்ளைகளில் கண்ணால் பார்த்தபோதுதான் என் கோடு போடும் திட்டத்தின் அடித்தளம் ஆடியது. அன்று மலையிறங்கும் பஸ்ஸில் எனக்கு வந்தது பயம். இதுவரை குளிர்காலத்தில் கொடைக்கானலிலும் கோடையில் வத்தலக்குண்டிலும் எடுத்துவைத்திருந்த மாதிரிகள் அனைத்திலும் உயரமும் பருவமும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடந்தன.

ஆகவே நிறத்தைக் குறிக்கப் போகிறீர்கள் என்றால் எல்லா உயரங்களிலும் ஒரே பருவத்தில், முடிந்தால் ஒரே வாரத்தில் எடுங்கள். இரண்டு பருவங்களில் திரும்ப எடுங்கள். புதிதாக அடையிலிருந்து வெளியே வந்த தேனீ வெளிறி, நரைத்த மயிரோடு இருக்கும். ஓரிரு நாள் போனபிறகுதான் அதன் நிறம் முழுமையாகும். வயதான தேனீயிலோ மயிர் உதிர்ந்து, உடல் பளபளவென்று கறுத்துத் தெரியும். இரண்டுமே ஏமாற்றும். வாசலில் வந்து போகும் தேனீயைப் பிடிக்காமல், முட்டையும் புழுவும் உள்ள அடையின் மேல் வேலை செய்துகொண்டிருக்கும் நடுவயதுத் தேனீக்களை எடுங்கள். வாசலில் பிடித்தால் பக்கத்துப் பெட்டியிலிருந்து வழி மாறி வந்தவையும் சேர்ந்துவிடும். நிறத்தை "கறுப்பு, மஞ்சள்" என்று வார்த்தையில் எழுதாதீர்கள். ஆஸ்திரியத் தேனீ ஆய்வாளர் ரூட்னரின் முறைப்படி வயிற்றுத் தகடுகளுக்கும், மார்பின் பின்முனையில் இருக்கும் ஸ்குட்டெல்லம் என்ற சிறு தகட்டுக்கும் 0 முதல் 9 வரை மதிப்பெண் இடுங்கள். முழுக் கறுப்பு 0, முழு மஞ்சள் 9. படம் எடுக்கும்போது ஒரே விளக்கு, ஒரே தூரம், பக்கத்தில் ஒரு சாம்பல் நிற அட்டை. வெயிலில் எடுத்த படமும் டியூப்லைட்டில் எடுத்த படமும் ஒரே தேனீயை இரண்டாக்கிவிடும். சாராயத்தில் பல மாதம் கிடந்த தேனீயின் நிறத்தை உயிரோடு பார்த்த நிறத்தோடு ஒப்பிடவே கூடாது. என்னைக் கேட்டால் நிறத்தைக் கடைசியாகப் பயன்படுத்துவேன். மற்ற அளவுகள் பிரித்துக் காட்டிய குழுக்களோடு நிறமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க மட்டும்.

கறுப்பா மஞ்சளா என்று பார்க்கத் தொடங்குமுன் ஒரு சிறு சோதனை உண்டு. நெருங்கிய இனங்களைப் பிரிப்பதில் மயிரிழை போன்ற ஒரு நரம்பு எவ்வளவு பேசும் என்பதற்கு அது நல்ல உதாரணம். கையில் இருப்பது அடுக்குத் தேனீயா, வெளிநாட்டிலிருந்து வந்த இத்தாலியத் தேனீயா என்று உருவத்தைப் பார்த்துத் தடுமாறினால் பின்சிறகைப் பாருங்கள். அடுக்குத் தேனீயின் பின்சிறகில் நடுநரம்பு ஒரு கிளைப்புக்குப் பின்னும் சிறு வாலாக நீண்டிருக்கும். இத்தாலியத் தேனீயில் அந்த வால் இருக்காது. வயிற்றில் வெண்மயிர்ப் பட்டைகள் அடுக்குத் தேனீயில் நான்கு, இத்தாலியத் தேனீயில் மூன்று. பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் போதும். இப்படி "இருக்கிறது, இல்லை" என்று சொல்லக்கூடிய அடையாளம் எங்கே கிடைத்தாலும் அதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். கறுப்பு, மஞ்சள் வழக்கில் எனக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. அங்கே கிடைப்பதெல்லாம் "சற்றுக் கூட, சற்றுக் குறைய" என்ற அளவுகள்தான். அதனால்தான் அளவுகோல் பற்றி இவ்வளவு நீட்டி எழுத வேண்டியிருக்கிறது.

உடலின் நீளத்தை அளக்காதீர்கள். வயிறு தொலைநோக்கிக் குழாய் போல ஒன்றுக்குள் ஒன்று செருகிய தகடுகளால் ஆனது. தேன் குடித்திருந்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும். பழைய கட்டுரைகளில் காணும் "உடல் நீளம் இத்தனை மில்லிமீட்டர்" என்ற எண்ணை வைத்து இனம் பிரிக்க முடியாது. அதற்குப் பதில் முன்சிறகின் நீளம், அகலம், பின்காலின் பகுதிகள், வயிற்றின் மூன்றாம் நான்காம் தகடுகளைப் பிரித்தெடுத்து அளந்த நீளம், இரண்டு சிறகுகளின் அடித் தகடுகளுக்கு இடையே மார்பின் அகலம் ஆகியவற்றை அளப்பார்கள். இவை கெட்டியான பகுதிகள், சுருங்காதவை. சமவெளித் தேனீயின் முன்சிறகு ஏழரை மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும், மலையில் எட்டை ஒட்டி வரும். வித்தியாசம் அரை மில்லிமீட்டர். வெளியே அலைந்து திரிந்த கிழத் தேனீயின் சிறகு நுனி கிழிந்திருக்கும், அந்த அரை மில்லிமீட்டரை அதுவே விழுங்கிவிடும். எப்போதும் வலது சிறகையே எடுங்கள். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மடிப்பில்லாமல் வைத்து ஒட்டுங்கள். பழைய அடையில் ஒவ்வொரு தலைமுறையின் கூட்டு உறையும் அறைச் சுவரில் ஒட்டி ஒட்டி அறை சிறுக்கும், பிறக்கும் தேனீயும் சிறுக்கும். ஆகவே அடை புதிதா பழையதா, அறையின் குறுக்களவு எவ்வளவு என்பதையும் அங்கேயே அளந்து குறியுங்கள். வரிசையாகப் பத்து அறைகளை அளந்து பத்தால் வகுத்தால் போதும்.

நீளங்கள் தீனிக்கும் பருவத்துக்கும் ஆடுவதால்தான் விகிதங்களைத் தேடுகிறார்கள். க்யூபிட்டல் குறியீடு அவற்றில் பழையது. முன்சிறகில் ஒரு சிறு அறையின் அடிநரம்பை இன்னொரு நரம்பு வந்து இரண்டாக வெட்டும். நீளத் துண்டைக் குட்டைத் துண்டால் வகுத்தால் வரும் எண் அது. அடுக்குத் தேனீயில் சுமார் நான்கு வரும். கேட்க எளிமை, அளப்பதில் நெருப்பு. ஒரு சிறகில் நீளத் துண்டு 0.52 மில்லிமீட்டர், குட்டைத் துண்டு 0.13 என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 4.0. குட்டைத் துண்டை 0.12 என்று படித்தால் 4.33. ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு கண் தவறினால் எண் இவ்வளவு எகிறுகிறது. இரண்டு கூட்டங்களுக்கு இடையே நான் தேடிக்கொண்டிருந்த வித்தியாசமே அவ்வளவுதான். நரம்பு ஒரு கோடல்ல, அதற்குத் தடிமன் உண்டு. சந்திப்புப் புள்ளியை நரம்பின் நடுவில் வைப்பதா, உள்விளிம்பில் வைப்பதா என்று முதல் நாளே முடிவு செய்து படம் வரைந்து மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

என் பெரிய இழப்பு இங்கேதான் நேர்ந்தது. துறையின் நுண்ணோக்கியைப் பலரும் பயன்படுத்துவார்கள். செமஸ்டர் விடுமுறையில் பழுது பார்க்க வந்தவர் கண்ணருகு லென்ஸை மாற்றிப் பொருத்திவிட்டுப் போயிருக்கிறார். யாரும் எனக்குச் சொல்லவில்லை. விடுமுறைக்குப் பிறகு அளந்த சிறகுகள் எல்லாம் முன்னைவிடச் சற்றுப் பெரிதாக வந்தன. அவை பெரும்பாலும் கொடைக்கானல் சிறகுகள் என்பதால் "மலையில் உள்ள அடுக்குத் தேனீ பெரிது" என்ற எதிர்பார்ப்போடு அழகாகப் பொருந்தியும் போயின. பழைய தகடு ஒன்றை வேறு காரணத்துக்காகத் திரும்ப எடுத்துப் பார்த்தபோதுதான் அதே சிறகு இரண்டு எண்கள் சொன்னது. மாதக்கணக்கில் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து எழுதிய நோட்டுகள் மேசையில் இருந்தன. ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், அதை மறைப்பதற்கில்லை. வீட்டில் அப்பா எப்போது முடியும் என்று கேட்பதை நிறுத்திவிட்டிருந்த காலம் அது. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

இதற்கு மருந்து மிக எளிது. ஒவ்வொரு முறை உட்காரும்போதும் அளவுத் தகட்டை, அதாவது ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த கண்ணாடித் தகட்டை, முதலில் படம் எடுங்கள். ஒரு சிறகை நிரந்தரச் சாட்சியாக வைத்துக்கொண்டு, அன்றைய வேலையைத் தொடங்குமுன் அதை அளந்து எழுதுங்கள். அதன் எண் மாறினால் அன்று வேலை வேண்டாம், காரணத்தைத் தேடுங்கள். தகடுகளுக்கு ஊர்ப் பெயர் எழுதாமல் எண் மட்டும் இட்டு, நண்பரிடம் கொடுத்துக் கலைக்கச் சொல்லி அளங்கள். எந்த உயரத்துச் சிறகு என்று தெரியாமல் அளக்கும்போதுதான் எதிர்பார்ப்பு கையைப் பிடிக்காமல் இருக்கும். நுண்ணோக்கி கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். தகட்டில் ஒட்டிய சிறகுகளை அங்குலத்துக்கு 2400 புள்ளி அடர்த்திக்கு மேல் போகும் சாதாரண மேசை ஸ்கேனரில் வருடி எடுக்கலாம். இரண்டாம் முறை நான் அப்படித்தான் செய்தேன். பழைய ஸ்கேனர் ஒன்றை மதுரையில் மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். அது மாறாது, யாரும் கழற்றமாட்டார்கள், படம் என்றைக்கும் கையில் இருக்கும். சந்தேகம் வந்தால் திரும்ப அளக்கலாம். முன்சிறகில் நரம்புகள் சந்திக்கும் 19 புள்ளிகளைக் குறித்து, அளவை நீக்கி வடிவத்தை மட்டும் ஒப்பிடும் முறை இப்போது பல நாடுகளிலும் நடப்பில் உள்ளது. டிபிஎஸ்டிக், மார்ஃபோஜே போன்ற மென்பொருள்கள் இலவசம். தீனி குறைந்து சிறுத்துப் பிறந்த தேனீயிலும் நரம்புகளின் ஒழுங்கு அவ்வளவாகக் கலைவதில்லை என்பதால், தனித்தனி நீளங்களைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன்.

கணக்குப் போடுவதில் ஒரு எச்சரிக்கை. ஒரு கூட்டத்தில் ஆயிரம் தேனீ அளந்தாலும் அது ஒரே குடும்பம்தான், ஒரே தாயின் பிள்ளைகள்தான். ஒரு கூட்டத்துக்குப் பதினைந்து இருபது தேனீ போதும். அவற்றின் சராசரி ஓர் எண். கூட்டங்களின் எண்ணிக்கைதான் உங்கள் மாதிரியின் அளவு. தேனீக்களின் மொத்த எண்ணிக்கையைப் போட்டுப் பார்த்தால் எல்லா வித்தியாசமும் மிகப் பெரிதாகத் தெரியும், ஆனால் அது பொய்த் தோற்றம். ஆகவே குறைந்த கூட்டங்களில் நிறையத் தேனீ அளக்கும் நேரத்தை, நிறையக் கூட்டங்களைத் தேடிப் போவதற்குச் செலவிடுங்கள். பஸ் டிக்கெட்டுக்குக் காசு கூடும், வேறு வழியில்லை.

மரபணுவைப் பார்த்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். அங்கே இழந்தது முழுக்கப் பணம். தூய எத்தனால் சில்லறையில் எளிதில் கிடைக்காது. அதற்கு ஆயத்தீர்வை உரிமம் உள்ள கல்வி நிறுவனம் வழியாகவே போக வேண்டும். எங்களிடம் அப்போது இருப்பு இல்லை. ரசாயனக் கடை ஒன்று தூயது என்று பட்டை ஒட்டி விற்றதில் மாதிரிகளைப் போட்டு வைத்தேன். குடிக்க உதவாதபடி வேறு திரவம் கலந்த சரக்கு அது என்று பின்னால் தெரிந்தது. அப்படிப்பட்டதில் மரபணு சிதைந்துபோகும். தனியார் ஆய்வகம் ஒன்று மாதிரிக்கு இவ்வளவு என்று முன்பணம் வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் ஓட்டி முடித்த பிறகு பெரும்பாலானவற்றில் வாசிப்பு வரவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பியது. முப்பத்தைந்தாயிரம் ரூபாய் போயிற்று. முதல் நான்கில் வராதபோதே நிறுத்திக் கேட்டிருக்கலாமே என்றேன். ஒப்பந்தத்தில் அப்படி இல்லை என்றார்கள். கோபம் இன்னும் ஆறவில்லை. நீங்கள் இரண்டு மூன்று மாதிரிகளை மட்டும் முதலில் அனுப்புங்கள், முடிவு வந்த பிறகே மற்றவை என்று எழுத்தில் வாங்குங்கள். எத்தனாலை மாதங்களுக்கு முன்பே நிறுவனம் வழியாகக் கேட்டு வையுங்கள். அது கிடைக்கும் வரை மாதிரிகளை உறைகுளிர்ப் பெட்டியில் வைப்பதே நல்லது. ஒரு தேனீயில் ஒரு நடுக்காலை மட்டும் மரபணுவுக்குப் பிய்த்துக்கொண்டு, உடலையும் சிறகையும் அதே எண்ணோடு பத்திரப்படுத்துங்கள். எந்த உடலிலிருந்து எந்த மரபணு வந்தது என்று நாளைக்கு ஒருவர் கேட்டால் காட்ட முடிய வேண்டும்.

இதற்கிடையே இன்னொரு நெருக்கடி. 2022 செய்திக்குப் பிறகு, என் கொடைக்கானல் மாதிரிகளையும் சேர்த்து "பழனி மலையில் புதிய தேனீ" என்று சீக்கிரம் ஒரு கட்டுரை போட்டுவிடலாம் என்று மூத்தவர் ஒருவர் வற்புறுத்தினார். நிறம் வேறாக இருக்கிறது, அளவு பெரிதாக இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்றார். எனக்குள் ஆசை இல்லாமல் இல்லை. ஒரே பெட்டியின் தேனீக்கள் பருவத்துக்குப் பருவம் நிறம் மாறியதைக் கண்ட பிறகு என்னால் முடியவில்லை. மறுத்ததால் உறவு கசந்தது, ஒரு பரிந்துரைக் கடிதமும் கிடைக்காமல் போயிற்று. இருந்தாலும் இனம் என்ற சொல் சாதாரணமானதல்ல. ஒரு பெயரை வைத்துவிட்டால் பாதுகாப்புத் திட்டம், பெட்டி இடமாற்றத்துக்குக் கட்டுப்பாடு, தேனுக்கு விலை என்று பலவும் அதைத் தொட்டு நிற்கும். மலையில் பெட்டி வைத்துப் பிழைப்பவர்களின் கையில் போய்ச் சேரும் விஷயம் அது.

கடைசியில் நான் சமர்ப்பித்தது இப்படி. ஒரே கோடையில் மூன்று உயரங்களிலும் திரும்ப எடுத்த கூட்டங்களில், சிறகு நரம்புகளின் வடிவத்தை மட்டும் ஒப்பிட்டபோது மேல்மலைக் கூட்டங்கள் ஒரு பக்கம், அடிவாரக் கூட்டங்கள் ஒரு பக்கம் ஒதுங்கின. தாண்டிக்குடிக் கூட்டங்கள் இரண்டிலும் சிதறின. அவற்றில் எவை பெட்டியிலிருந்து ஓடியவை என்று விசாரித்து எழுதியிருந்த குறிப்பு அப்போது கைகொடுத்தது. அடிவாரப் பக்கம் விழுந்தவற்றில் பெரும்பாலானவை வாங்கிய பெட்டிகளின் அருகே இருந்த பொந்துகள். நிறம் இந்தப் பிரிவோடு ஓரளவே ஒத்துப்போயிற்று. இன்னின்ன இனம் என்று நான் பெயரிடவில்லை, இரண்டு உருவக் குழுக்கள் என்று மட்டும் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஆண் தேனீக்களைப் பார்த்தீர்களா என்று கேட்டார். தேனீ இனங்களைப் பிரிப்பதில் ஆணின் இனப்பெருக்க உறுப்பு பணித்தேனீயின் உடலைவிட வலுவான சாட்சி. கறுப்பு, மஞ்சள் ஆண்கள் ஒரே இடத்தில் எந்தெந்த நேரத்தில் இணைப்பறப்புக்கு வெளியேறுகின்றன என்பதும் கவனிக்க வேண்டியது. கூட்டம் செழித்திருக்கும் பருவத்தில் மட்டும்தான் ஆண்கள் இருக்கும், நான் போன சமயங்கள் அதற்கு ஏற்றவையாக இல்லை. நீங்கள் தொடங்குவதாக இருந்தால் ஆண்கள் வரும் பருவத்தை மையமாக வைத்தே நாட்காட்டி போடுங்கள். மூடிய ஆண் அறைகளின் உச்சியில் ஊசி குத்தியது போல ஒரு துளை தெரியும், அடுக்குத் தேனீயின் அடையாளம் அது. அதைக் கண்டதிலிருந்து நாட்களை எண்ணிக்கொண்டு பிற்பகல்களில் வாசலருகே காத்திருந்தால் போதும்.

மாதிரிகளை வீட்டில் வைக்காதீர்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் ஊசி குத்திய தேனீக்களின் மேல் பூஞ்சணம் பிடிக்கும், தப்பினால் எறும்பும் சிறு வண்டும் தின்னும். இடம், உயரம், தேதி, கூட்டத்தின் எண், சேகரித்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டு ஒவ்வொரு தேனீயோடும் இருக்க வேண்டும். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். வேலை முடிந்ததும் சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென் மண்டல மையம் போன்ற ஓர் இடத்தில் ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள். என் இரண்டாம் சுற்று மாதிரிகளின் சிறகுப் படங்கள் முழுவதும் என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் எடுத்த கால்கள் உறைகுளிரில், நல்ல எத்தனாலில் இருக்கின்றன. பழனி மலைக் கூட்டங்களின் மரபணுவைப் படிக்க வசதியுள்ளவர்கள் முன்வந்தால், பொந்து இருந்த இடங்களின் விவரத்தோடு அவற்றைக் கொடுத்துவிடத் தயாராக இருக்கிறேன்.